புது பம்ப் போட்டும் பிரஷர் ஏறவில்லையா? பெட்ரோல் காரில் குறையைத் தேடிப் பிடிக்கும் முழு வழிகாட்டி

டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பழைய பம்பைக் கழற்றிப் புதுசு மாட்டியாயிற்று. ஆனாலும் செல்ஃப் நெடுநேரம் இழுத்துத்தான் வண்டி பிடிக்கிறது. ஐடிலிங்கில் ஒருவாறு நிற்கிறது, மேம்பாலம் ஏறும்போது மிதித்தால் மூச்சு வாங்குகிறது. கேஜ் மாட்டிப் பார்த்தால் 3.5 பார் காட்ட வேண்டிய முள் 2.5-ஐத் தாண்ட மறுக்கிறது. இந்த இடத்தில் பெரும்பாலான பட்டறைகளில் நடப்பது ஒன்றுதான்: "பீஸ் சரியில்லை" என்று பம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொன்று வாங்கி மாட்டுவது. சில சமயம் பீஸ் நிஜமாகவே சரியில்லாமல் இருக்கும். ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மோட்டாரை அல்ல, மாற்றும்போது கை பட்ட இடங்களை. ஒரு ஓ-ரிங், ஒரு விரற்கடை ஹோஸ், ஒரு கருகிய கப்ளர் (வயரை இணைக்கும் பிளக்) பின் போதும், நல்ல பம்பையும் செத்த பம்பாகக் காட்ட.

இங்கே எடுத்துக்கொள்வது டேங்குக்குள் பம்ப் இருக்கும் எம்.பி.எஃப்.ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள) பெட்ரோல் கார்களை. பின் சீட்டுக்கு அடியில் மூடியைத் திறந்தோ, டேங்கை இறக்கியோ பம்ப் மாற்றும் வண்டிகள் எல்லாம் இதில் அடங்கும். டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டியாக இருந்தால் டேங்கிலிருந்து உயர் அழுத்த பம்ப் வரையிலான பகுதிக்கு மட்டுமே இது பொருந்தும். அதற்குப் பிறகு ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) நூறு பாருக்கு மேலும் போகக்கூடிய அழுத்தம் இருக்கும், அங்கே ஸ்பேனர் வைக்க வேண்டாம்.

பிரஷர் எங்கிருந்து வருகிறது

பம்ப் தருவது ஓட்டம். அந்த ஓட்டத்தை மறித்து அழுத்தமாக மாற்றுவது ரெகுலேட்டர். தோட்டத்து ஹோஸின் வாயில் கட்டைவிரலை வைத்தால் தண்ணீர் பீறிடுகிறதே, அந்தக் கட்டைவிரல்தான் ரெகுலேட்டர். விரலை எடுத்துவிட்டால் மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அழுத்தம் இருக்காது. இதைப் பிடித்துக்கொண்டால் குறைந்த பிரஷருக்கு நான்கே வழிகள்தான் மிஞ்சும்: பம்ப் போதிய பெட்ரோலைத் தள்ளவில்லை; தள்ளியது டேங்குக்குள்ளேயே எங்கோ தப்பிக்கிறது; ரெகுலேட்டர் சீக்கிரமே திறந்துவிடுகிறது; அல்லது பம்புக்கும் கேஜுக்கும் நடுவே அடைப்பு. எதை அளந்தாலும் இந்த நான்கில் எதை விலக்கினோம் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

ரெகுலேட்டர் எங்கே இருக்கிறது என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பழைய எம்.பி.எஃப்.ஐ வண்டிகளில் அது இன்ஜின் ரெயிலின் முனையில், ஒரு வாக்யூம் ஹோஸோடு இருக்கும். மிச்ச பெட்ரோல் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்குத் திரும்பும். பின்னால் வந்த பெரும்பாலான வண்டிகளில் ரிட்டர்ன் லைனே கிடையாது. ரெகுலேட்டர் பம்ப் அசெம்பிளிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், மிச்சத்தை அங்கேயே கொட்டிவிடும். இரண்டாவது வகையில், பம்ப் மாற்றியவர் கையில்தான் ரெகுலேட்டரும் அதன் ஓ-ரிங்கும் இருந்தன என்று பொருள். சந்தேகம் அங்கிருந்து தொடங்குவது நியாயம்தான்.

எவ்வளவு இருக்க வேண்டும்

வண்டிக்கு உரிய எண் கையில் இல்லாமல் கேஜ் மாட்டுவது வீண் வேலை. ரிட்டர்ன் இல்லாத டொயோட்டா கொரோலாவுக்கு 304 முதல் 343 கிலோபாஸ்கல், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 3.1 முதல் 3.5 கிலோ. ஹூண்டாயின் பல பெட்ரோல் இன்ஜின்களுக்கு 338 முதல் 348 கிலோபாஸ்கல். வரம்பு எவ்வளவு குறுகலானது பாருங்கள்! ரெயிலில் ரெகுலேட்டர் உள்ள பழைய வகையில், வாக்யூம் ஹோஸைக் கழற்றினால் 3 பார் காட்டும் வண்டி, மாட்டியபடி ஐடிலிங்கில் சுமார் 2.5 காட்டும். அது கோளாறு அல்ல. மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்று போகும் வழி) வாக்யூமுக்கு ஏற்ப ரெகுலேட்டர் தானே இறக்கிக்கொள்கிறது. இது தெரியாமல் நல்ல பம்பைக் கழற்றியவர்கள் உண்டு. உங்கள் மாடலுக்கான எண்ணை அந்த மாடலின் பட்டறைக் கையேட்டிலேயே பாருங்கள், பக்கத்து வண்டியின் எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அலகு மாற்ற: 1 பார் என்பது 100 கிலோபாஸ்கல், 14.5 பி.எஸ்.ஐ.

ஒரு பார் குறைவது சின்ன விஷயம் போலத் தோன்றும். இன்ஜெக்டர் வழியே பாயும் பெட்ரோல், அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். முழு மிதியில் 3.5 பார் 2.5 ஆகிவிட்டால் பெட்ரோல் சுமார் 15 சதவீதம் குறையும். அதை ஈடுகட்ட இ.சி.எம் (இன்ஜினின் கணினி) இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம் (பெட்ரோல் அளவில் இ.சி.எம் செய்யும் நீண்டகாலத் திருத்தம்) கூட்டலில் 15, 18, 20 சதவீதம் என்று ஏறி நிற்பது அதனால்தான். பி0171 என்ற கோளாறு கோடு (கலவையில் பெட்ரோல் குறைவு) வருவதும் அதன் தொடர்ச்சிதான். ரெயில் பிரஷர் சென்சார் உள்ள வண்டியில் பி0087 (ரெயில் பிரஷர் குறைவு) வரும்.

கை வைப்பதற்கு முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து பட்டறைக் குழிக்குள் இறங்கித் தங்கும். குழியின் மேல் வண்டியை நிறுத்தி இந்த வேலையைச் செய்யக் கூடாது. வெளிச்சத்துக்கு எல்.இ.டி டார்ச் மட்டும் போதும், கண்ணாடி பல்பு போட்ட ஹேண்ட் லேம்ப் வேண்டாம். அது கீழே விழுந்து உடைந்தால் சூடான இழையே தீப்பொறி. உலர் பொடி அணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

லைனைக் கழற்றுமுன் அழுத்தத்தை இறக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு பம்ப் ஃபியூஸையோ ரிலேவையோ (பம்புக்குக் கரண்ட் விடும் மின் சுவிட்ச்) பிடுங்குங்கள். தானாக அணைந்த பிறகு இன்னும் இரண்டு மூன்று விநாடி செல்ஃப் அடியுங்கள். பிறகு பேட்டரி மைனஸைக் கழற்றி, கனெக்டரின் மேல் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு திறங்கள். இவ்வளவு செய்தும் கொஞ்சம் சொட்டத்தான் செய்யும்.

முதல் படி: கேஜை மாட்டுவது

0 முதல் 7 பார் வரை காட்டும் கேஜ் வேண்டும். நம் சாலைகளில் ஓடும் கார்கள் பலவற்றில் ரெயிலில் டெஸ்ட் வால்வு கிடையாது. எனவே பம்பிலிருந்து வரும் லைனுக்கும் ரெயிலுக்கும் நடுவே டி வடிவ அடாப்டர் போட வேண்டும். குயிக் கனெக்டரின் அளவு பெரும்பாலும் 5/16 அங்குலம், அதாவது ஏறக்குறைய 8 மி.மீ. டி-யின் இரண்டு பக்கமும் சிறு அடைப்பு வால்வு உள்ள செட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பின்னால் கசிவைத் தேடும்போது அந்த வால்வுதான் பாதி வேலையைச் செய்யும். ஹோஸைத் திணித்துக் கிளிப் போட்டு ஒப்பேற்றுவது வேண்டாம். 3 பாரில் அது பிடுங்கிக்கொண்டால் சூடான எக்ஸாஸ்ட் மேல் பீய்ச்சும்.

மாட்டியபின் பேட்டரியை இணைத்து, இக்னிஷனை ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் பம்ப் இரண்டு விநாடி போல ஓடி நிற்கும். மூன்று நான்கு முறை செய்தால் லைனில் உள்ள காற்று வெளியேறும். டேங்க் திறந்து மூடிய வண்டியில் முதல் ரீடிங்கை நம்பக் கூடாது என்பதற்கு இந்தக் காற்றுதான் காரணம். சில மாடல்களில் செல்ஃப் அடித்தால்தான் பம்பே ஓடும், குழம்ப வேண்டாம்.

இனி ரீடிங்குகளை எழுதிக்கொள்ளுங்கள்: இக்னிஷன் ஆன் செய்ததும், ஐடிலிங்கில், சட்டென்று 3000 ஆர்.பி.எம் வரை உதறும்போது. அணைத்த பிறகு 5 நிமிடத்தில். முடிந்தால் ஐந்தாவதாக, ஓட்டத்தில், லோடில். கேஜை வைப்பருக்குப் பக்கத்தில் கண்ணாடிக்கு வெளியே கட்டிவிட்டு, உள்ளிருந்து ஒருவர் பார்க்க, மூன்றாம் கியரில் முழு மிதி. பெட்ரோல் நிரம்பிய கேஜை காருக்குள் கொண்டுவரக் கூடாது.

ஐடிலிங்கில் சரியாக இருந்து லோடில் விழுந்தால் பிரச்சினை ஓட்டத்தில். எல்லா நிலையிலும் ஒரே அளவில் குறைவாக, ஆனால் அசையாமல் நின்றால் ரெகுலேட்டர் பக்கம் பாருங்கள். முள் நடுங்கிக்கொண்டே இருந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கிறது: பெட்ரோல் மட்டம், ஸ்ட்ரெய்னர் (பம்பின் வாயில் உள்ள வலை வடிகட்டி) இரண்டையும் பாருங்கள். ஓடும்போது எல்லாம் சரி, அணைத்த உடனே பூஜ்யத்துக்கு விழுகிறது என்றால் அது தங்கும் அழுத்தத்தின் கோளாறு. கொரோலாவில் அணைத்து 5 நிமிடம் கழித்தும் 147 கிலோபாஸ்கல் மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஓடும்போது குறைவது, நிறுத்தியதும் இறங்குவது ஆகிய இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் தேடல் திசை மாறிவிடும்.

இரண்டாம் படி: கரண்ட்

மெக்கானிக்குகள் அதிகம் தாண்டிப் போகும் இடம் இது. "பம்ப் ஓடுதே, சத்தம் கேக்குதே" என்பது ஆதாரமே அல்ல. 10 வோல்ட்டிலும் பம்ப் ஓடும், சத்தமும் போடும், பிரஷர்தான் வராது.

அளக்க வேண்டிய இடம் பம்பின் கப்ளர், அதுவும் கப்ளர் மாட்டியபடி, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, பின்பக்கமாக மெல்லிய ஊசி நுழைத்து. கப்ளரைக் கழற்றி வைத்துக்கொண்டு 12.6 வோல்ட் வருகிறது என்பதில் ஒரு பயனும் இல்லை. கரண்ட் பாயாத வயரில் வோல்ட் எப்போதும் முழுசாகத்தான் காட்டும். டெஸ்ட் லேம்பும் இங்கே ஏமாற்றும், அது இழுக்கும் கரண்ட் பம்ப் இழுப்பதில் மிகச் சிறு பங்கு.

இன்ஜின் ஐடிலிங்கில் ஓட, பேட்டரியில் 14 வோல்ட் இருந்தால் பம்ப் முனையில் 13-க்குக் கீழே போகக் கூடாது. குறைந்தால் எந்தப் பக்கம் தொலைகிறது என்று பிரித்துப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், இன்னொன்று பம்பின் பிளஸ் பின்னில்: 0.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால் ஃபியூஸ், ரிலே, வயர், கப்ளர் என்ற வரிசையில் எங்கோ தடை. பிறகு பம்பின் மைனஸ் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே: 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் போல்ட்டைத் தேடிச் சுரண்டுங்கள். கடலோர ஊர் வண்டிகளில் பாடி எர்த் உப்புக் காற்றில் பச்சை பூத்திருப்பது வாடிக்கை.

ஓம் மீட்டரால் இதைப் பிடிக்க முடியாது. கணக்குப் போட்டால் புரியும்: பம்ப் 6 ஆம்பியர் இழுக்கிறது, கப்ளரில் 0.3 ஓம் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.8 வோல்ட் அங்கேயே போய்விடும். ஆனால் 0.3 ஓம் என்பது மலிவு மீட்டரின் லீடிலேயே இருக்கும் தடைதான், மீட்டர் "நல்ல வயர்" என்றே சொல்லும். அந்த 1.8 வோல்ட்டும் 6 ஆம்பியரும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 11 வாட் வெப்பம். விரல் நகம் அளவு பிளாஸ்டிக்குக்குள் அவ்வளவு சூடு நிற்பதால்தான் கப்ளர் பழுப்பேறிப் பின் உருகுகிறது. பழைய பம்ப் சாகுமுன் அதிக கரண்ட் இழுத்துக் கப்ளரைக் கெடுத்திருக்கும். புது பம்ப் அதே கப்ளரில் உட்காரும். பழியும் புதுசுக்கே போகும்.

பம்போடு புது கப்ளர் கொடுத்து வயரை வெட்டி ஒட்டச் சொல்லும் செட் வாங்கியிருந்தால், பிளஸ் மைனஸ் மாறவில்லையே என்று ஒருமுறை பாருங்கள். மோட்டார் தலைகீழாகச் சுற்றும். சத்தம் வரும், அழுத்தம் வராது அல்லது அற்பமாக வரும். வயர் நிறத்தை நம்பாமல், வண்டிப் பக்கத்து பிளஸ் எது என்று மீட்டரில் பார்த்து, பம்ப் உடலில் உள்ள குறியோடு ஒப்பிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில வண்டிகளில் பம்ப் கன்ட்ரோல் மாட்யூல் இருக்கும். அது துடிப்பு துடிப்பாக மின்சாரம் கொடுத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். அங்கே மல்டிமீட்டர் 7, 8 வோல்ட் என்று சராசரியைத்தான் காட்டும், அது கோளாறு அல்ல. அப்படிப்பட்ட வண்டியில் வயரிங் படம் இல்லாமல் ரிலேவை பைபாஸ் செய்யும் வேலைக்கும் போகாதீர்கள்.

மூன்றாம் படி: ஆம்பியர் சொல்லும் கதை

டி.சி அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் பம்ப் வயரின் மேல் மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கி, அந்த இரண்டு பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் போட்டு அளக்கலாம். 3 முதல் 3.5 பாரில் ஓடும் சாதாரண எம்.பி.எஃப்.ஐ பம்ப் 4 முதல் 7 ஆம்பியர் வரை இழுக்கும்.

பம்ப் முனையில் வோல்ட் சரி, ஆம்பியர் மட்டும் 2, 3 என்று குறைவு, சத்தமும் லேசாகக் கீச்சென்று இருக்கிறது என்றால் மோட்டாருக்குச் சுமையே இல்லை. தள்ளிய பெட்ரோல் தடையில்லாமல் எங்கோ கொட்டுகிறது: டேங்குக்குள் ஹோஸ் கழன்றிருக்கும், ஓ-ரிங் அறுந்திருக்கும், அல்லது ரெகுலேட்டர் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கும். இதே குறைந்த ஆம்பியரோடு கரகரவென்று கல் அரைப்பது போலச் சத்தம் வந்தால் ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கிறது, பம்புக்குக் குடிக்கப் பெட்ரோல் இல்லை.

மாறாக 8, 9 என்று ஏறினால் பம்ப் முக்குகிறது. ஃபில்டர் அடைப்பு, ஜாக் வைத்து நசுங்கிய லைன், டேங்கைத் திருப்பி ஏற்றும்போது மடிந்த ஹோஸ் என்று பம்புக்குப் பிந்திய தடையைத் தேடுங்கள். எதுவும் இல்லையென்றால் மோட்டாரே இறுகியிருக்கிறது. வோல்ட் குறைவு, ஆம்பியரும் குறைவு என்றால் மறுபடி வயரிங் பக்கம் போக வேண்டியதுதான். வோல்ட், ஆம்பியர் இரண்டும் சரியாக இருந்து பிரஷர் மட்டும் குறைந்தால்தான் பம்பின் தரத்தையும் கேஜின் நேர்மையையும் கேள்வி கேட்க வேண்டும்.

நான்காம் படி: அளவு பார்ப்பது

பிரஷர் சரியாக இருந்தாலே போதாது. ஐடிலிங்கில் இன்ஜின் குடிப்பது மிகக் கொஞ்சம், அதற்குச் சோர்ந்த பம்ப்கூடப் போதும். ரெயிலுக்குப் போகும் லைனைக் கழற்றி, நீளமான ஹோஸ் மாட்டி, மூடி போட்ட கேனுக்குள் விடுங்கள். கேன் தரையில் இருக்கட்டும், பிளாஸ்டிக் வாளி வேண்டாம். ரிலேவைப் பிடுங்கி, அதன் சாக்கெட்டில் 30, 87 எண்ணுக்குரிய பின்களை 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஜம்பரால் இணைத்து 15 விநாடி ஓட்டுங்கள். குறைந்தது கால் லிட்டர் வர வேண்டும், ஆரோக்கியமான பம்பில் இன்னும் தாராளமாகவே வரும். கையேட்டில் தனி எண் இருந்தால் அதுவே தீர்ப்பு. கேனில் பிடித்த பெட்ரோலைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். அடியில் தனிப் படலமாகத் தண்ணீர் தங்கினாலோ, துருப்பொடி படிந்தாலோ, டேங்கைக் கழுவாமல் போட்ட எந்த பம்பும் நீடிக்காது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும், பம்பின் வாயும் அங்கேதான் இருக்கிறது. மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: அசெம்பிளியை வெளியே எடுத்துப் பார்ப்பது

கரண்ட் சரி என்று உறுதியானால் மறுபடி டேங்கைத் திறக்கத்தான் வேண்டும். மனசு ஒப்பாது, ஆனால் வேறு வழியில்லை. மொத்த அசெம்பிளியாக மாற்றாமல் மோட்டாரை மட்டும் வாங்கிப் பழைய ஹவுசிங்கில் போட்டிருந்தால் கோளாறு இங்கே கிடைக்க வாய்ப்பு மிக அதிகம்.

மோட்டாரின் வாயிலிருந்து ஹவுசிங் மூடிக்குப் போகும் சிறு ஹோஸைப் பாருங்கள். கம்பெனி போட்டது பெரும்பாலும் சுருள் சுருளான நைலான் டியூப். அதைச் சூடாக்கித் திணித்திருப்பார்கள், ஒருமுறை பிடுங்கினால் வாய் விரிந்துவிடும், மறுபடி பிடிக்காது. சிலர் அதற்குப் பதில் கடையில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல் ஹோஸை வெட்டிப் போடுவார்கள். தவறு இங்கேதான். வெளியே ஓடும் லைனுக்கான ஹோஸ் உள்பக்கம் மட்டுமே பெட்ரோலைத் தாங்கும். பெட்ரோலில் முழுக்க மூழ்கினால் வெளி ரப்பர் ஊறி, உப்பி, சில வாரத்தில் கிழியும். முதல் நாள் நன்றாக ஓடி, ஒரு மாதத்தில் பிரஷர் போனால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். டேங்குக்குள் மூழ்குவதற்கென்றே எஸ்.ஏ.இ ஜே30 ஆர்10 என்று அச்சிட்ட ஹோஸ் உண்டு. விலை அதிகம், துண்டு சிறியது, ஆனால் வேறெதையும் போடக் கூடாது. கிளிப்பும் முழு வட்டமாக இறுகும் இன்ஜெக்ஷன் வகையாக இருக்கட்டும்.

அடுத்து ஓ-ரிங்குகள். மோட்டார் வாய் நேரடியாக ஹவுசிங்கில் செருகும் வகையில் ஒன்று, ரெகுலேட்டரில் ஒன்றோ இரண்டோ இருக்கும். பழையது துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதுசும் சேர்ந்து உட்கார்ந்திருக்கலாம், அல்லது உலர்ந்தபடி திணித்து விளிம்பு சீவப்பட்டிருக்கலாம். பெட்ரோலைத் தொட்டு நனைத்து, முறுக்காமல் நேராக அழுத்துங்கள். எத்தனால் கலப்புக்கு விட்டான் ஓ-ரிங்கே நல்லது. ரெகுலேட்டரைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் கிளிப்பின் காது உடைந்திருந்தால் அழுத்தம் ஏறும்போது ரெகுலேட்டர் அரை மில்லிமீட்டர் நகரும். ஓ-ரிங் வழியே கசிய அவ்வளவு போதும்.

ஸ்ட்ரெய்னரைப் பழசிலிருந்து கழற்றிப் போடவே கூடாது. சின்னக் காசை மிச்சம் பிடித்துப் புது பம்பைக் கொல்லும் வேலை அது. புதுசும் டேங்கின் அடியில் மடியாமல், தட்டையாகப் படிய வேண்டும். அசெம்பிளியின் ஸ்பிரிங் கால்கள் தடையில்லாமல் ஏறி இறங்கினால்தான் அது அடியைத் தொடும். அசெம்பிளிக்குள்ளேயே இருக்கும் ஃபில்டரை வாழ்நாள் ஃபில்டர் என்பார்கள். யாருடைய வாழ்நாள் என்று யாரும் சொல்வதில்லை. டேங்க் அழுக்காக இருந்த வண்டியில் அதையும் மாற்றுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு ஒரு வழி இருக்கிறது. அசெம்பிளியிலிருந்து பெட்ரோலை முழுக்க வடித்து, திறந்த வெளியில் நன்றாகக் காய விடுங்கள். வெளியேறும் குழாயில் ஹோஸ் மாட்டி, கால் பம்பால் 1.5 முதல் 2 பார் வரை காற்று ஏற்றுங்கள். மோட்டாரின் வாயில் உள்ள செக் வால்வு (ஒருவழி வால்வு) காற்றைப் பின்னோக்கி விடாது, ரெகுலேட்டரும் 3 பார் வரை திறக்காது. எனவே அழுத்தம் நிற்க வேண்டும். சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ரெகுலேட்டரின் வாயிலிருந்து 2 பாரிலேயே காற்று வந்தால் அதுதான் குற்றவாளி. சில அசெம்பிளிகளில் ஜெட் பம்புக்கென்று (பெட்ரோல் பீய்ச்சும் வேகத்திலேயே இன்னும் பெட்ரோலை இழுக்கும் அமைப்பு) ஊசித்துளை ஒன்று வேண்டுமென்றே விட்டிருப்பார்கள், அதிலிருந்து வரும் காற்றைக் கசிவு என்று எண்ணி அடைத்துவிடாதீர்கள். அந்த ஜெட் பம்ப்தான் அசெம்பிளியின் கிண்ணத்தை நிரப்புகிறது. அது வேலை செய்யாத வண்டி முழு டேங்கில் நன்றாக ஓடும். கால் டேங்குக்குக் கீழே வந்ததும், வளைவில் திரும்பும்போதும் பிரஷர் விழும்.

பம்பை உலர்ந்த நிலையில் ஓட்டிப் பார்க்க வேண்டாம். உள்ளே உயவும் குளிர்ச்சியும் பெட்ரோல்தான். ஆவி சூழ்ந்த டேங்க் வாயருகே வயரைத் தொட்டு எடுக்கும் வேலையும் வேண்டவே வேண்டாம்.

ரெயில் பக்கத்து ரெகுலேட்டர் உள்ள வண்டியில்

ரிட்டர்ன் லைனில் ரப்பர் ஹோஸ் உள்ள இடத்தை, பற்கள் இல்லாத கிளாம்பால் மெதுவாக இறுக்கிக்கொண்டே கேஜைப் பாருங்கள். முள் விருவிருவென்று 5 பாரைத் தாண்டினால் உடனே விட்டுவிடுங்கள்: பம்ப் திடமாக இருக்கிறது, ரெகுலேட்டர்தான் விட்டுக்கொடுக்கிறது. இறுக்கியும் ஏறவில்லையென்றால் பம்ப், ஃபில்டர், டேங்குக்குள் உள்ள கசிவு என்று பின்னோக்கிப் போங்கள். நைலான் லைனை நசுக்காதீர்கள், வெடிப்பு விடும். ரெகுலேட்டரின் வாக்யூம் ஹோஸைக் கழற்றி முகர்ந்தால் பெட்ரோல் வாடை வருகிறதா? உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது. ஒரு லைனைக் கழற்றி இன்னொன்றை மாட்டும் அவசரத்தில், டேங்க் மூடியில் ஃபீடும் ரிட்டர்னும் இடம் மாறியிருக்கலாம். இரண்டு குழாயும் ஒரே அளவுள்ள அசெம்பிளிகளில் இது நடக்கிறது.

நிறுத்தியதும் இறங்கும் பிரஷர்

இங்கே டி-யின் அடைப்பு வால்வு கைகொடுக்கும். பம்பை ஓட்டிப் பிரஷர் ஏற்றி, அணைத்த உடனே டேங்க் பக்கத்து வால்வை மூடுங்கள். இறங்குவது நின்றுவிட்டால் கசிவு டேங்க் பக்கம்: செக் வால்வு, ரெகுலேட்டர், உள் ஹோஸ். மூடியும் இறங்கினால் இன்ஜின் பக்கம். ரெகுலேட்டர் ரெயிலில் இருந்தால் ரிட்டர்னையும் இறுக்கிப் பாருங்கள், அதற்குப் பிறகும் இறங்கினால் ஏதோ ஒரு இன்ஜெக்டர் சொட்டுகிறது. அந்த சிலிண்டரின் பிளக் கருப்பாக, ஈரமாக இருக்கும்.

நேரம் போகப் போகக் குறைந்தால்

குளிர்ந்த வண்டியில் சரி, 20, 30 நிமிடம் ஓட்டியபின் பிரஷர் சரிகிறது என்றால் முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டு, உடனே வண்டி தேறினால் டேங்கின் காற்றுவழி அடைத்திருக்கிறது. பம்ப் மாற்றும்போது மடிந்த வென்ட் ஹோஸோ கெனிஸ்டர் (டேங்க் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பா) பக்கத்து அடைப்போ காரணமாக இருக்கும். அப்படி இல்லையென்றால் சூடேறிய பிறகு வோல்ட்டையும் ஆம்பியரையும் மறுபடி அளங்கள். குளிரில் நல்லபடி காட்டிய ரிலே சூட்டில் வேறு எண் காட்டும்.

பம்பைத்தான் குறை சொல்ல வேண்டிய நேரம்

வோல்ட் சரி, அடைப்பில்லை, கசிவில்லை, ரெகுலேட்டர் நல்லது, அப்படியும் பிரஷர் ஏறவில்லை என்றால் தயங்காமல் பம்பைத் திருப்பிக் கொடுங்கள். அதற்கு முன் அது உங்கள் வண்டிக்கான பம்ப்தானா என்று பார்ட் நம்பரைப் பாருங்கள். கார்புரேட்டர் பம்ப் 0.2, 0.3 பார்தான் தரும். சிங்கிள் பாயின்ட் இன்ஜெக்ஷன் பம்ப் 1 பார் அளவுக்கு. உருவத்தில் ஒன்று போலவே இருக்கும் மோட்டார்கள் உள்ளே வேறு வேறு. போலிச் சரக்கு அழகான அட்டைப்பெட்டியில்தான் வரும். அளந்து எழுதிய ரீடிங்குகளைக் கடைக்காரரிடம் காட்டினால் வாரண்டிப் பேச்சு பாதி நேரத்தில் முடியும்.

மாட்டி முடித்தபின்

டேங்க் மூடியின் ரப்பர் சீலை புதுசாகவே போடுங்கள், லாக் ரிங்கைக் குறிக்கு நேராக இறுக்குங்கள். பிரஷர் வந்ததும் ஸ்கேனரில் பழைய கோளாறு கோடுகளையும் டிரிம்மையும் அழித்துவிட்டு, நெடுஞ்சாலையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஷார்ட், லாங் டிரிம் இரண்டையும் கூட்டினால் பூஜ்யத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். கடைசியாக முழு டேங்க் பெட்ரோல் போட்டு, பின் சீட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். பாதி டேங்கில் தெரியாத சீல் கசிவு முழு டேங்கில், ஒரு திருப்பத்தில், வாடையாகத் தெரிந்துவிடும்.